கடவை விளக்கின் கதை

இருள் சூழ்ந்த வேளையிலே வீதியைக் கடக்க நிற்கும் ஒருவனுடைய நிலையும், அவனை நோக்கி வண்டியைச் செலுத்திவரும் சாரதியின் நிலையும் ஒன்றல்ல. நடந்து செல்பவனுக்கு வண்டியின் முன்விளக்குகள் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடுகின்றன. தான் வண்டியைக் காண்பதுபோலச் சாரதியும் தன்னைக் காண்கிறான் என்று அவன் நம்பிவிடுகிறான். சாரதிக்கோ, தாழ்த்திய விளக்கொளியிலே முதலில் தென்படுவன அவனுடைய பாதங்களும் முழங்காலுமே. உடை கருநிறமாயின் ஏனைய பகுதி இருளோடு இருளாய்க் கலந்துவிடும். மணிக்கு 30 மைல் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்துவதற்கு 75 அடி தேவை என்றும், 40 மைல் வேகமாயின் 120 அடி தேவை என்றும் பிரித்தானிய வீதி ஒழுங்குக் கைந்நூல் கணக்கிட்டிருக்கிறது. காண்பதும் காணப்படுவதும் ஒன்றென்று எண்ணும் அந்த மயக்கத்துக்குப் பலியானோர் தொகை பெரிது. அம்மயக்கத்தை விளக்கின் துணைகொண்டு நீக்க மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

அவ்வரலாறு ஒரு வெடிப்போடு தொடங்குகிறது. மோட்டார் வண்டி தோன்றுவதற்கு முன்னரே இலண்டன் மாநகரின் வீதிகள் குதிரை வண்டிகளால் நிறைந்திருந்தன. பாராளுமன்ற மாளிகைக்கு அருகிலுள்ள சந்தியிலே நடந்து வீதியைக் கடப்பது, அவைக்குச் செல்லும் உறுப்பினர்களுக்குங்கூடப் பெரும்பாடாக இருந்தது. ஜே. பி. நைற் என்ற பொறியியலாளர் புகையிரதக் கைகாட்டிகளை அமைப்பதிலே தேர்ந்தவர். புகையிரதத்தை நிறுத்தும் கைகாட்டி குதிரை வண்டியை நிறுத்தாதா என்பது அவருடைய எண்ணம். அதன்படி 1868 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே அச்சந்தியில் உயர்ந்ததொரு கம்பம் நாட்டப்பட்டது. பகலிலே அதன் கைகள் நீண்டும் தாழ்ந்தும் குறிகாட்டின. இரவிலே வாயுவால் எரியும் சிவப்பு, பச்சை விளக்குகள் அப்பணியைச் செய்தன. சிவப்பு, நிற்க என்றும், பச்சை, எச்சரிக்கையாகச் செல்க என்றும் பொருள்பட்டன. அடியிலே நின்று அதனை இயக்குவதற்கு ஒரு பொலிஸ்காரர் நியமிக்கப்பட்டார்.

இவ்விளக்கு அமைக்கப்பட்டதன் நோக்கம் கவனிக்கத்தக்கது. வண்டிக்கு வண்டி வழிவிடுவதற்காக அன்று, நடந்து செல்வோர் வீதியைக் கடப்பதற்காகவே உலகின் முதலாவது வீதிச் சமிக்ஞை விளக்கு ஏற்றப்பட்டது. பின்னாளிலே சமிக்ஞை விளக்கு என்றதும் வாகனங்களின் நினைவே எவருக்கும் வருவதைக் கருதுமிடத்து, இது சற்று வியப்புக்குரியதே. ஆயின் அதன் ஆயுள் ஒரு மாதமும் நீடிக்கவில்லை. 1869 ஆம் ஆண்டு சனவரி 2 ஆம் நாள், கசிந்த வாயு தீப்பற்றி விளக்கு வெடித்தது. அதனை இயக்கிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் காயமுற்றார். திட்டம் கைவிடப்பட்டது. மீண்டும் இலண்டனிலே நிறவிளக்குச் சமிக்ஞை தோன்றுவதற்கு 1926 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்த இடைக்காலத்திலே மோட்டார் வண்டி வந்து சேர்ந்தது. 1896 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 ஆம் நாள், இலண்டனிலுள்ள கிறிஸ்டல் பலஸ் மைதானத்திலே பிரிட்ஜெற் டிறிஸ்கல் என்ற பெண்மணி மோட்டார் வண்டியொன்றால் மோதுண்டு உயிர்நீத்தார். பிரித்தானியாவிலே மோட்டார் வண்டியால் மாண்ட முதலாவது பாதசாரி இவரே. இத்தகைய நிகழ்ச்சி இனியொருபோதும் நேராதிருக்கட்டும் என்ற கருத்துப்பட மரண விசாரணை அதிகாரி கூறியதாகச் சரித்திரம் குறித்துவைத்திருக்கிறது. அவருடைய விருப்பம் நிறைவேறவில்லை. 1934 ஆம் ஆண்டில் மாத்திரம் பிரித்தானிய வீதிகளில் உயிரிழந்தோர் 7,343 பேர். இவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வண்டியேறாது நடந்து சென்றவர்கள்.

இவ்வளவு உயிரிழப்புக்கு ஒரு காரணம் அரசாங்கமே செய்த சட்டம். 1930 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம், மோட்டார் கார்களுக்கு அதுவரை இருந்துவந்த மணிக்கு 20 மைல் என்னும் வேக எல்லையை நீக்கிவிட்டது. அவ்வெல்லையை எவரும் மதிக்கவில்லை, ஆதலின் அதனை வைத்திருப்பதிற் பயனில்லை என்று வாதிக்கப்பட்டது. மீறப்படுகின்ற சட்டங்களையெல்லாம் இவ்வாறு நீக்குவதானால் எஞ்சுவன சிலவே என்பதை அன்றைய சட்டமன்றத்தார் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1934 ஆம் ஆண்டின் சட்டம், வீடுகள் செறிந்த பகுதிகளுக்கு மணிக்கு 30 மைல் என்ற புதிய எல்லையை விதித்தது. சாரதிகளுக்குப் பரீட்சையும் கட்டாயமாக்கப்பட்டது.

அவ்வாண்டிலே போக்குவரத்து அமைச்சராய் வந்தவர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. பதவியேற்ற சில நாட்களிலே கம்டன் பெருந்தெருவைக் கால்நடையாய்க் கடக்க முற்பட்ட இவர், விரைந்துவந்த கார் ஒன்றிலிருந்து மயிரிழையில் உயிர்தப்பினார். அமைச்சர்களுக்கு இத்தகைய அனுபவம் எளிதில் வாய்ப்பதில்லை. ஹோர்-பெலிஷா அதனை வீணாக்கவில்லை. கடவை இருக்குமிடத்தை நடப்போனும் சாரதியும் தூரத்திலிருந்தே அறியவேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். கருமையும் வெண்மையும் மாறிமாறித் தீட்டிய கம்பங்கள், அவற்றின் உச்சியிலே செம்மஞ்சள் நிறக் கண்ணாடி உருண்டைகள், வீதியின் குறுக்கே இரு வரிசையாய்ப் பதித்த உலோகக் குமிழ்கள் ஆகியனவே அவர் காலத்துக் கடவையின் அடையாளங்கள். இலண்டனிலே தொடங்கி, அடுத்த ஆண்டிலே நாடெங்கும் அவை பரவின. பத்திரிகைகள் அவற்றுக்குப் ‘பெலிஷா விளக்கு’ என்று பெயர் சூட்டின. அப்பெயர் அகராதியிலும் ஏறிவிட்டது.

விளக்கு என்று பெயர் பெற்றதேயன்றி, தொடக்கத்திலே அதனுள் விளக்கு எதுவும் எரியவில்லை! பகலிலே நன்கு தெரிந்த அவ்வுருண்டை, இரவிலே அயலிலுள்ள தெருவிளக்கின் தயவையே நம்பியிருந்தது. நகரத்துச் சிறுவர்களுக்கோ அது கல்லெறிந்து பழகுவதற்குக் கிடைத்த நல்ல இலக்காயிற்று. உடைந்த கண்ணாடிகளுக்குப் பதிலாக நிறந்தீட்டிய அலுமினிய உருண்டைகள் பின்னர் பொருத்தப்பட்டன. பகையின்றிப் பார்ப்பினும் குறைகள் இருந்தன. வீதியிற் பதித்த உலோகக் குமிழ்கள், காரிலே தாழ அமர்ந்து வருபவனின் கண்ணுக்கு அண்மையில் வந்த பின்னரே புலப்பட்டன. கம்பம் உள்ள இடம் தெரிந்தது, கடவையின் பரப்புத் தெரியவில்லை. எனினும், பாதசாரிக்கு முந்துரிமை உண்டு என்ற கொள்கையை வீதியிலே கண்ணுக்குத் தெரியும் பொருளாக நாட்டிய பெருமை அக்கம்பங்களுக்கு உரியது.

1934 ஆம் ஆண்டிலேயே யோர்க்‌ஷயர் மாகாணத்து ஹலிபக்ஸ் நகரைச் சேர்ந்த பேர்சி ஷோ என்பவர், ‘பூனைக்கண்’ எனப்படும் தெறிகண்ணாடியை வீதியிலே பதிக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். வண்டியின் விளக்கொளியை வந்த வழியே திருப்பியனுப்புவது அதன் இயல்பு. தனக்கென எண்ணெயோ மின்சாரமோ வேண்டாத இவ்வுபாயம் கடவைக்கென எழுந்ததன்று. எனினும் இதே தத்துவத்தைத் தழுவி, நுண்ணிய கண்ணாடி மணிகளைக் கலந்த வர்ணப்பூச்சு பிற்காலத்திலே கடவைக் கோடுகளுக்கும் வந்து சேர்ந்தது. இரவிலே அக்கோடுகள் பளிச்சிடுவதற்குக் காரணம் அம்மணிகளே.

விளக்குக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை ஆராய்ச்சிக்கூடத்திலே நிறுவுவதற்கு முன்னர், யுத்தம் அதனைக் கொடிய முறையிலே நிறுவிக் காட்டியது. 1939 ஆம் ஆண்டு செப்டெம்பர் 1 ஆம் நாள் பிரித்தானியா முழுவதும் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. வண்டிகளின் முன்விளக்குகள் முகமூடியிட்டு மறைக்கப்பட்டன. வீடுகளின் யன்னல்களுக்குக் கருந்திரை இடப்பட்டது. பகைவரின் ஆகாய விமானங்களுக்கு நகரம் தெரியலாகாது என்பது நோக்கம். விமானங்களுக்குத் தெரியாத நகரம், அதனுள் வாழ்ந்த மக்களுக்கும் தெரியாமற் போயிற்று. பெற்றோல் பங்கீட்டினால் வண்டிகளின் ஓட்டம் குறைந்திருந்தும் வீதி மரணங்கள் ஏறின. 1940 ஆம் ஆண்டிலே 8,609 பேரும், 1941 ஆம் ஆண்டிலே 9,169 பேரும் மாண்டனர். பின்னது பிரித்தானிய வீதிகளின் வரலாற்றிலேயே மிகப்பெரிய தொகை. பின்னாளிலே வண்டிகள் பன்மடங்கு பெருகியபோதுங்கூட எந்த ஆண்டும் அத்தொகையை எட்டவில்லை. கடவைகளுக்குக் கம்பம் நாட்டிய ஹோர்-பெலிஷா, நாடெங்கும் விளக்குகள் அணைந்த அந்நாளிலே யுத்த அமைச்சராய் இருந்தார் என்பது விதியின் விளையாட்டுப் போலும்.

அவ்விருளிலே மக்கள் கண்ட பரிகாரம் வெள்ளை வர்ணம். நடைபாதையின் விளிம்புகள், மரங்களின் அடிப்பகுதி, விளக்குக் கம்பங்கள், வண்டிகளின் மிதிபலகை ஆகிய யாவும் வெள்ளை பூசப்பட்டன. வெண்ணிறமான ஏதேனுமொன்றை அணிந்து செல்லுமாறும், இல்லையேல் கையிலே செய்தித்தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடக்குமாறும் பாதசாரிகளுக்கு அறிவுரை வழங்கப்பட்டது. வீடுகள் செறிந்த பகுதிகளிலே இரவு வேக எல்லை 1940 ஆம் ஆண்டிலே 20 மைலாகக் குறைக்கப்பட்டது. சிறிதளவு ஒளியையுங்கூட வெள்ளை மேற்பரப்பு காட்டிக்கொடுக்கும் என்ற பாடம் அந்த ஆறு ஆண்டுகளிலே மக்கள் மனத்தில் நன்கு பதிந்துவிட்டது.

யுத்தம் ஓய்ந்தபின் வீதி ஆராய்ச்சிக்கூடத்தார் கடவைப் பிரச்சினையை மீண்டும் கையிலெடுத்தனர். அம்முயற்சியின் முன்னணியில் நின்ற ஜோர்ஜ் சாள்ஸ்வேர்த் என்பவரைப் பிற்காலத்தார் ‘வரிக்குதிரை வைத்தியர்’ என்று வேடிக்கையாய் அழைத்தனர். நீலமும் மஞ்சளும், சிவப்பும் வெள்ளையும் எனப் பல நிறச் சேர்க்கைகள் பரிசோதிக்கப்பட்டன. 1949 ஆம் ஆண்டிலே 1,000 இடங்களில் பரீட்சார்த்தமாய்க் கோடுகள் வரையப்பட்டன. வாகனம் செல்லும் திசைக்கு இணையாக, அகன்ற கரிய வெள்ளைப் பட்டைகளை அடுத்தடுத்துத் தீட்டுவதே, தாழ அமர்ந்துவரும் சாரதியின் கண்ணுக்குத் தொலைவிலிருந்தே புலப்படும் என்பது தெளிவாயிற்று. 1951 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடவைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். எங்கும் கடவையாயின் எதுவும் கடவையன்று. அளவுக்கு மிஞ்சிய அடையாளங்களைச் சாரதிகள் பொருட்படுத்துவதில்லை. அடுத்த ஆண்டிலே பெலிஷா உருண்டைகளுக்குள்ளும் மின்விளக்குப் புகுந்தது. அணைந்தணைந்து எரியும் செம்மஞ்சள் ஒளி அன்றுதான் பிறந்தது. பெயரளவில் விளக்காய் இருந்தது பதினெட்டு ஆண்டுகளின் பின்னர் உண்மையிலே விளக்காயிற்று.

இலங்கையின் மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் அதே 1951 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இங்கே கடவைக் கோடுகளுக்கு நெடுங்காலம் மஞ்சள் வர்ணமே வழங்கியது. ‘மஞ்சட் கடவை’ என்னும் பெயரும் அதன்வழி மக்கள் நாவிலே நிலைத்தது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள இத்தீவிலே ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியளவிலே பொழுது சாய்ந்துவிடுகிறது. அந்தி மங்கும் அவ்வேளையும், காரியாலயத்திலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் மக்கள் வீடு திரும்பும் வேளையும் ஒன்றே. கோடைக்காலத்திலே இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் காணும் ஆங்கிலேயரைவிட, கடவை விளக்கின் அருமையை அறிய வேண்டியவர்கள் இத்தீவினரே எனலாம்.

கடவையைக் காட்டும் விளக்கு ஒன்று, கடப்பவனைக் காட்டும் விளக்கு வேறொன்று. இவ்வேறுபாட்டை நெடுநாள் எவரும் தெளிவாய் உணரவில்லை. 1932 ஆம் ஆண்டிலே இலண்டனுக்குத் தெற்கேயுள்ள குறொய்டன் நகரத்துப் பேர்லி வீதியிலே மஞ்சளொளி வீசும் சோடியம் விளக்குகள் ஏற்றப்பட்டன. இத்தகைய புதிய விளக்குகளைக் கொண்டு வீதிக்கு ஒளியூட்டிய பொறியியலாளர்கள் ஒரு தத்துவத்தைக் கைக்கொண்டனர். வீதியிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒளிபாய்ச்சுவது பெருஞ்செலவு. அதற்குப் பதிலாக வீதியின் மேற்பரப்பையே ஒளிரச் செய்தால், அதன் குறுக்கே நிற்பவன் கரிய நிழலுருவாய்ச் சாரதிக்குத் தோன்றுவான். மாலை வானத்தின் முன்னே பனைமரம் தோன்றுவதுபோல என்று இதனை எண்ணிக்கொள்ளலாம். அத்தகைய விளக்கமைப்புகள் பொருள்களை எவ்வளவு புலப்படுத்துகின்றன என்பதைக் கணிக்கும் முறையை 1938 ஆம் ஆண்டிலே வால்ட்றம் என்ற ஒளிப் பொறியியலாளர் வகுத்தார்.

நெடிய நேர்வீதிக்கு இம்முறை சிறந்ததே. கடவைக்கோ அது முழுதும் பொருந்தவில்லை. பின்னணி எங்கும் ஒரே சீராய் ஒளிர்வதில்லை. வளைவிலே வீதிக்குப் பதிலாக மதிலோ மரமோ பின்னணியாய் நிற்கும். மழை பெய்து நனைந்த வீதியிலே ஒளி நீண்ட கீற்றுகளாய்ச் சிதறும், இடையிடையே கரும் பரப்புகள் கிடக்கும். கரிய நிழலுரு கரிய பரப்பின் முன்னே நின்றால் சாரதி காண்பது ஒன்றுமில்லை. ஆதலினாற் கடவைக்கு மறுதலையான முறை வேண்டப்பட்டது. வரும் வாகனத்துக்கும் கடவைக்கும் இடையிலே, கடவைக்குச் சற்று முன்னதாக விளக்கை நிறுத்தினால், சாரதியை நோக்கியிருக்கும் பக்கத்திலே நடப்பவன்மீது ஒளி விழும். இருண்ட பின்னணியிலே அவன் வெளிச்சமாய்த் தோன்றுவான். கடவைக்கு நேர் மேலே விளக்கைத் தொங்கவிட்டால் தலையுச்சியும் தோளுமே ஒளிபெறும், முகமும் மார்பும் நிழலில் ஆழ்ந்துவிடும். கம்பத்தைச் சில அடி தூரம் முன்னே நகர்த்துவது ஓர் உயிரைக் காக்கக்கூடும் என்றால் அதனை அற்பமான காரியம் என்று தள்ளுதற்கில்லை. இஸ்ரவேல் நாட்டிலே விசேட விளக்குகள் இடப்பட்ட கடவைகளை ஆராய்ந்து போலஸ், கற்ஸ் என்னும் இருவர் 1978 ஆம் ஆண்டிலே வெளியிட்ட கட்டுரை, அங்கே இரவு விபத்துகள் பாதிக்கு மேலாய்க் குறைந்ததை எடுத்துக்காட்டியது. அமெரிக்க நெடுஞ்சாலை நிருவாகம் 2008 ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கை, தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்திலே, நிலைக்குத்தான பரப்பின்மீது 20 லக்ஸ் ஒளி விழுதல் வேண்டும் என்று விதந்துரைத்தது. தரையை அளந்துவந்த ஒளிமானி, நிற்கும் மனிதனின் மார்பளவை அளக்கத் தொடங்கியது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

இதனிடையே பாதசாரியே விளக்கை இயக்கும் முயற்சிகளும் நடைபெற்றன. 1962 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, இலண்டன் வாட்டலூ புகையிரத நிலையத்துக்கு முன்னால் ‘பண்டா’ என்ற கடவை திறக்கப்பட்டது. பொத்தானை அழுத்தினால் செம்மஞ்சள் துடிக்கும், பின்னர் சிவப்புத் துடிக்கும், மீண்டும் செம்மஞ்சள் வேறுவிதமாய்த் துடிக்கும். ஒரே நிறத்தின் வெவ்வேறு துடிப்புக்கு வெவ்வேறு பொருள் கற்பித்தால், அதனைப் பிரித்தறிய வீதியிலே எவருக்கு நேரம் உண்டு? சாரதிகளும் மயங்கினர், நடப்போரும் மயங்கினர். ஐந்தாண்டுகளில் அம்முறை கைவிடப்பட்டது. 1969 ஆம் ஆண்டிலே தோன்றிய ‘பெலிக்கன்’ கடவை, சிவப்பு மனிதன், பச்சை மனிதன் என்ற இரு சித்திரங்களோடு வந்து நிலைபெற்றது. வரிக்குதிரை, பண்டா, கூழைக்கடா என ஆங்கிலேயர் தம் வீதிகளையெல்லாம் மிருகக்காட்சிச் சாலையாக்கியதன் காரணம் தனியே ஆராயத்தக்கது.

விளக்கிலே மனித உருவைப் புகுத்தும் எண்ணத்திலே கிழக்கு பேர்லின் நகரத்துப் போக்குவரத்து உளவியலாளர் கார்ள் பெக்லௌ குறிப்பிடத்தக்கவர். 1961 ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் முன்வைத்த சிறு மனிதன், தொப்பி அணிந்தவன். சிவப்பிலே கைகளை அகல விரித்து வழிமறிப்பான், பச்சையிலே காலை எட்டிவைத்து நடப்பான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத நிறக்குருடரும், எழுத்தறியாக் குழந்தைகளும் உருவத்தைக்கொண்டே பொருளை உணர்வர் என்பது அவருடைய கருத்து. 1990 ஆம் ஆண்டிலே இரு ஜேர்மனிகளும் ஒன்றானபின் அவ்வுருவை அகற்ற முற்பட்டனர். மக்கள் விடவில்லை. மறைந்துபோன அரசொன்றின் எச்சங்களுள், மேற்குப் பகுதியாரும் விரும்பி ஏற்றுக்கொண்ட சிலவற்றுள் அச்சிறு மனிதனும் ஒருவன்.

1990 களிலிருந்து புதிய உபாயங்கள் விரைந்து தொடர்ந்தன. கலிபோர்னியாவின் சாந்தா றோசா நகரிலே கடவையின் இரு விளிம்புகளிலும் தரையிற் பதித்த விளக்குகள் மின்னத் தொடங்கின. அரிசோனா மாநிலத்து ரூசன் நகரிலே, எவரும் கடக்காத வேளையில் இருண்டேயிருந்து, பொத்தானை அழுத்தினால் மாத்திரம் விழித்தெழும் சமிக்ஞை அமைக்கப்பட்டது. புளோரிடாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே கடவைப் பலகையின்கீழ் ஒழுங்கற்ற தாளத்திலே வேகமாய் மின்னும் விளக்குகளைப் பொருத்திப் பார்த்தனர். முன்னர் நூற்றுக்கு 20 இற்கும் குறைவாகவே வழிவிட்ட சாரதிகள், பின்னர் 80 என்ற அளவிலே வழிவிட்டனர். எக்காலமும் ஒரே கதியிலே மின்னும் விளக்குக்குக் கண் பழகிப்போகிறது. ஆள் நிற்கும்போது மாத்திரம் மின்னும் விளக்கு, ஒருவன் நிற்கிறான் என்ற செய்தியைக் கொண்டுவருகிறது.

பிரித்தானியாவிலே 1990 களிலே வந்த ‘பஃபின்’ கடவை, சிவப்பு, பச்சை மனிதர்களை வீதியின் எதிர்ப்பக்கத்திலிருந்து பெயர்த்து, பொத்தான் உள்ள இப்பக்கத்துப் பெட்டியிலே குடியேற்றியது. விளக்கை நோக்கும் கண், அதே திசையிலே வரும் வண்டியையும் நோக்கும் என்பது இதன் நுட்பம். கடவையிலே ஆள் இருப்பதை உணரும் கருவியும் உண்டு. மெல்ல நடக்கும் முதியவர் மறுகரை சேரும்வரை அது வண்டிகளை நிறுத்திவைக்கும். பெட்டியின் அடிப்புறத்திலே கண்ணுக்குப் புலனாகாதவாறு விரல்நுனியளவான சிறு கூம்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். 1980 களிலே நொற்றிங்காம் பல்கலைக்கழகத்திலே உருவானது அது. பார்வையற்றவர் அதன்மீது விரலை வைத்துக் காத்திருப்பார். பச்சை மனிதன் தோன்றும் கணத்திலே கூம்பு சுழலத் தொடங்கும்.